‘நல்லாயிருக்கீங்களா?’ என்று கேட்டால் போதுமா?

புதுச்சத்திரத்திலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள நம் குடும்பங்களில் வேலைக்குப் போகாத ஆள் இருக்கும் வீடு குறைவு. ஒருவர் லாரியில் இருப்பார். ஒருவர் முட்டை லோடில் இருப்பார். பெண்பிள்ளைகள் நூற்பாலைக்கோ, ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் உள்ள துணிக்கடைகளுக்கோ போய் வருவார்கள். இன்னொரு பக்கம், நம்மில் பலர் நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற இடத்திலும் இருக்கிறோம். பட்டறை வைத்திருக்கிறோம், பிரியாணிக் கடை வைத்திருக்கிறோம், பழைய இரும்புக் கடை, ஜவுளிக் கடை, கோழிப்பண்ணை என்று நடத்துகிறோம். இந்தக் கட்டுரை இரண்டு தரப்பாருக்கும் சேர்த்து எழுதப்படுகிறது.

மருத்துவ உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் ‘வேலைக்குப் போக முடியவில்லை’ என்ற வரி திரும்பத் திரும்ப வருகிறது. எப்போதிலிருந்து என்று கேட்டால், மனுவில் எழுதிய தேதிக்கு ஆறு மாதம், எட்டு மாதம் முன்னாலேயே தூக்கம் கெட்டுப்போயிருந்தது, சாப்பாடு இறங்கவில்லை, யாரிடமும் பேச்சில்லை என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். வேலை செய்த இடத்தில் யாருமே கேட்கவில்லையா? கேட்டிருப்பார்கள். “என்னப்பா, நல்லாயிருக்கியா?” “அல்ஹம்துலில்லாஹ், நல்லாயிருக்கேன் பாய்.” அதோடு இரண்டு பேரும் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள்.

அல்ஹம்துலில்லாஹ் என்பது நமக்கு நன்றிச் சொல். கஷ்டத்திலும் அதைத்தான் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அது உடல்நிலை பற்றிய அறிக்கை ஆகாது. காய்ச்சலில் படுத்திருப்பவரும் அதையே சொல்வார், கல்யாண வீட்டில் நிற்பவரும் அதையே சொல்வார். கேட்டவர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதுதான் பிரச்சினை. மற்ற சமுதாயத்தாரிடமும் இதற்கு இணையான பேச்சு உண்டு. நம் பகுதியில் “ஒண்ணுமில்லீங்க, நல்லாத்தான் இருக்கேனுங்க” என்று சொல்லும் மரியாதையிலேயே பாதி விஷயம் மறைந்துவிடும்.

பெரிய கம்பெனிகள் இதற்காக ஆண்டுக்கு ஒரு முறை படிவம் கொடுத்து, பணியாளர் நலத்தை எண்ணாகக் கணக்கிடுகின்றன. அது வீண் வேலை என்று நாங்கள் சொல்லமாட்டோம். சர்க்கரையை அளக்காமல் சர்க்கரை வியாதிக்கு வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் சர்க்கரையை அளக்கும் கருவி எந்த ஊர் ரத்தத்துக்கும் ஒன்றுதான். மனநலத்தையும் வேலைத் திருப்தியையும் அளக்கும் கருவி வார்த்தைகளால் ஆனது. வார்த்தைக்கு ஊர் உண்டு, பாஷை உண்டு, கேட்பவர் யார் என்பது உண்டு.

உலகம் முழுதும் அதிகமாகப் பயன்படுகிற ஒரு சிறு படிவத்தை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் 1998 முதல் வழங்கிவரும் ஐந்து கேள்விப் படிவம் அது. கடந்த இரண்டு வாரத்தில் மனம் உற்சாகமாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, உடம்பில் தெம்பு இருந்ததா, தூங்கி எழும்போது களைப்பு தீர்ந்து எழுந்தீர்களா, அன்றாட வாழ்க்கையில் பிடிப்பு இருந்ததா என்று ஐந்தே விஷயம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 25. அதை 4-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று வரும். ஒருவர் 3, 2, 2, 1, 2 என்று போட்டால் கூட்டுத்தொகை 10, நூற்றுக்கு 40. ஐம்பதுக்குக் கீழே வந்தால் அவரிடம் மேலும் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 40 என்று வந்ததாலேயே அவர் நோயாளி ஆகிவிடமாட்டார். கவனிக்கவேண்டியவர், அவ்வளவுதான்.

எளிமையான படிவம்தான். ஆனால் இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? ‘பாதி நேரத்துக்கும் அதிகமாக’, ‘பாதி நேரத்துக்கும் குறைவாக’ என்றெல்லாம் அதில் விடைகள் உண்டு. தன் மனசை இப்படிப் பாதி, முக்கால் என்று பங்கு போட்டு நினைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. “போன வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்துச்சு?” என்றால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். உற்சாகம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். கலகலப்பாக இருந்தாயா என்று மில்லில் வேலை செய்யும் இருபது வயதுப் பெண்ணிடம் ஓர் அந்நிய ஆண் கேட்டால், அவள் என்ன பதில் சொல்லுவாள்? தலையைக் குனிந்துகொண்டு நடுவில் உள்ள எண்ணைக் காட்டிவிடுவாள். தூங்கி எழும் கேள்வியை இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவரிடம் கேட்டால், வரும் மதிப்பெண் அவர் மனசைப் பற்றியதா, அவருக்குக் கொடுத்த நடையைப் பற்றியதா? இந்தக் கடைசி விஷயத்தில் படிவத்தைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. நடையைப் பற்றியது என்றால் அதுவும் தெரியவேண்டியதுதானே.

மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல். ‘மன அழுத்தம்’ என்ற சொல்லைப் பத்திரிகைகள் வேலைப் பளுவால் வரும் நெருக்கடிக்கும் எழுதுகின்றன, மருத்துவர்கள் மருந்து கொடுக்கும் மனச்சோர்வு நோய்க்கும் எழுதுகின்றன. படிவத்தில் அது எந்தப் பொருளில் வருகிறது என்று படிப்பவருக்குத் தெரியாது. பேச்சில் நாம் ‘டென்ஷன்’ என்போம். ‘பிரஷர் இருக்கா’ என்று கேட்டால் இரத்தக் கொதிப்பு மாத்திரையைக் காட்டுவார்கள். நம் மக்கள் உண்மையில் சொல்லும் சொற்கள் வேறு: மனசு பாரமா இருக்கு, நெஞ்சு படபடன்னு அடிக்குது, உடம்பெல்லாம் அசதி, தலை கிறுகிறுன்னு வருது, எதுலயும் ஒட்டலை, வெறுத்துப்போச்சு. உருது பேசும் வீடுகளில் ‘கப்ராஹட்’ என்ற சொல் வரும். நம் வட்டாரத்துப் பண்ணைகளில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். பயம், படபடப்பு, நெஞ்சடைப்பு எல்லாம் சேர்ந்த சொல் அது. தமிழில் ஒரே வார்த்தையாக நாங்கள் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை.

இந்தச் சிக்கலை முதலில் கண்டவர்கள் நாம் அல்ல. கர்நாடகக் கடற்கரையில் கோட்டா என்ற ஊரில் மனநல மருத்துவர்கள் காஸ்டேர்ஸும் ஆர்.எல். கபூரும் வீடு வீடாக ஆராய்ந்து 1976-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்த வேலைக்காக, வெளிநாட்டுக் கேள்விகளை மட்டும் நம்பாமல், நம் நாட்டு மக்கள் சொல்லும் உடம்புத் தொந்தரவுகளையும் சாமி ஏறுவது போன்ற அனுபவங்களையும் கேட்டறியும் பேட்டி முறை ஒன்று உருவாக்கப்பட்டது. நமக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கே.எஸ். ஜேக்கப் உள்ளிட்ட மருத்துவர்கள், லண்டனில் டேவிட் கோல்ட்பர்க் உருவாக்கிய பொது நலக் கேள்வித்தாளின் 12 கேள்வி வடிவத்தைத் தமிழில் கொண்டுவந்து, அது நம் மக்களிடம் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து 1999-இல் வெளியிட்டார்கள். மொழிபெயர்த்ததோடு அவர்கள் நிற்கவில்லை. படிவம் ‘இவருக்குத் தொந்தரவு உண்டு’ என்று காட்டிய ஆட்களை மருத்துவர் தனியே விசாரித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை நடக்காத தமிழ்ப் படிவத்தை நம்பி யாருக்கும் மதிப்பெண் போடக்கூடாது. இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் படிவங்கள் பலவற்றில் அந்தச் சோதனை நடந்ததா என்றே தெரியாது.

இலங்கையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் தம்மிடம் வந்த தமிழ் மக்களின் துன்பம் பெருமூச்சாகவும் உடல்வலியாகவும் வெளிப்படுவதைக் கவனித்து எழுதினார். பெருமூச்சு! நம் வீட்டுப் பெரியம்மாக்கள் நாளைக்கு எத்தனை தடவை விடுகிறார்கள்? எந்தக் கம்பெனிப் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை. காயத்ரி பெர்னாண்டோ என்ற ஆய்வாளர் இலங்கை மக்கள் சொன்ன கதைகளிலிருந்தே கேள்விகளை எடுத்து ஓர் அளவுகோல் செய்து 2008-இல் வெளியிட்டார். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் மக்கள் ‘அதிகமாக யோசிக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு சொல் சொல்வார்கள். விக்ரம் படேலும் அங்குள்ளவர்களும் சேர்ந்து அந்த நாட்டு ஷோனா மொழியில், மக்கள் சொல்லும் சொற்களை வைத்தே 14 கேள்விப் படிவம் செய்தார்கள். பின்னர் 2006-இல் டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர், ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு மரப் பெஞ்சு போட்டு, ஊர்ப் பாட்டிமார்களைப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார். வருகிறவரிடம் பாட்டி அந்த 14 கேள்விகளைக் கேட்டு, பிறகு அவர் கஷ்டத்தைக் கேட்பார். அளவுகோலும் சொந்தச் சொல்லில், கேட்பவரும் சொந்த ஊர்க்காரர். நம் தெருவிலும் அப்படிப்பட்ட நன்னிமார்கள் இல்லாமலில்லை.

முதலாளியே கேட்டால்

சம்பளம் கொடுப்பவரே வந்து “இங்கே வேலை பிடிச்சிருக்கா?” என்றால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதுவும் முன்பணம் வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறியில் முன்பணம் என்ற சொல்லுக்கு என்ன எடை என்பதை நம் உறவினர்கள் நன்றாக அறிவார்கள். ஆகவே பெயர் இல்லாமல் கேட்பது முதல் நிபந்தனை.

பெயர் இல்லாமல் கேட்டால் பலன் உண்டா என்பதற்குக் கர்நாடக ஆயத்த ஆடை ஆலைகளில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. தொழிலாளர்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே சம்பளம் உயர்ந்தது. அதன் பிறகு சுமார் 2,000 பேரை வைத்து, ஒரு பகுதியினரிடம் மட்டும், பெயர் கேட்காமல், வேலைச் சூழல் பற்றியும் மேற்பார்வையாளர் பற்றியும் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களிடையே வேலையை விட்டுப் போவதும் லீவு போடுவதும் குறைந்தது. மிகவும் ஏமாற்றம் அடைந்திருந்தவர்களிடம்தான் இந்த மாற்றம் கூடுதலாகத் தெரிந்தது. முதலாளிகளாக உள்ள சகோதரர்கள் இதைப் படித்துவிட்டு, சம்பளத்தைக் கூட்டாமல் கருத்து மட்டும் கேட்டால் போதும் போலிருக்கிறதே என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை கேட்டு ஒன்றும் செய்யாவிட்டால், அடுத்த தடவை எல்லாரும் ‘நல்லாயிருக்கு’ என்றே எழுதுவார்கள்.

திண்டுக்கல்லில் வேறொரு வழி பிறந்தது. அங்குள்ள ஆடை ஆலையில் பெண்களுக்கு எதிராக நடந்த கொடுமைகளைத் தொடர்ந்து 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி தொழிலாளிப் பெண்களே பயிற்சி பெற்று, தங்கள் வரிசையில் நடக்கும் தொந்தரவுகளைக் கவனித்துத் தெரிவிக்கும் பொறுப்பை ஏற்றார்கள். மேனேஜர் கேட்டால் வராத பதில் பக்கத்து மிஷின் அக்கா கேட்டால் வரும். நம் பெண்பிள்ளைகள் போகும் இடங்களில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் தொந்தரவுப் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு உறுப்பினர்களின் பெயர் பிள்ளைக்குத் தெரியுமா என்று பெற்றோர் இன்றைக்கே கேட்டுப் பார்க்கலாம். தெரியாது என்றால், அந்த வேலையிடத்தின் நலம் பற்றி ஒரு தகவல் அங்கேயே கிடைத்துவிட்டது.

ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறையில் பெயரில்லாமல் கேட்பது எப்படி? கையெழுத்தே காட்டிக் கொடுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருப்பார். இதற்குக் கிராமங்களில் தொண்டு நிறுவனங்கள் கையாளும் பழைய முறை ஒன்று உண்டு: புளியங்கொட்டை. ஒவ்வொரு கேள்விக்கும் மூடியில் துளை போட்ட ஒரு டப்பா. ஒவ்வொருவர் கையிலும் ஒரே அளவு கொட்டை. தனியறையில் போய், போன வாரம் எத்தனை நாள் நன்றாகத் தூங்கினாரோ அத்தனை கொட்டையைத் தூக்கத்துக்கான டப்பாவில் போட வேண்டும். மீதியை வெளியே வந்து எல்லார் முன்னிலும் திருப்பிக் கொடுக்கச் சொல்லக் கூடாது. அவரே பையில் போட்டுக்கொண்டு போகட்டும், இல்லாவிட்டால் எண்ணித் தெரிந்துகொள்வார்கள். ஐந்து பேர், ஏழு நாள் என்றால் டப்பாவில் அதிகபட்சம் 35 விழ வேண்டும். 12 விழுந்திருந்தால் யார் தூங்கவில்லை என்பது தெரியாது. ஆனால் அந்தப் பட்டறையில் தூக்கம் இல்லை என்பது தெரியும். இரண்டு பேர், மூன்று பேர் மட்டும் உள்ள கடைகளுக்கு இதுவும் ஒத்துவராது. அங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டு, உரிமையாளர் அல்லாத ஒருவர் ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுவதுதான் நல்லது.

எதைக் கேட்பது

மனசைப் பற்றி நேராகக் கேட்பதைவிட, மனசைக் கெடுக்கும் அல்லது நிறைக்கும் காரியங்களைக் கேட்பது நம்மவர்களிடம் எளிது. துணிக்கடையில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணிடம் “திருப்தியா?” என்று கேட்பதைவிட “இன்னிக்கு எத்தனை தடவை உட்கார்ந்தே?” என்று கேட்கலாம். உட்காரும் உரிமைக்காகக் கோழிக்கோடு கடைத் தெருப் பெண்கள் போராடி, கேரளம் 2018-இல் சட்டம் கண்டது. தமிழ்நாட்டிலும் 2021 முதல், கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் இருக்கிறது. நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்பதும், அதில் உட்கார்ந்தால் யாரும் முறைப்பதில்லை என்பதும் வேறு வேறு.

கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாயா? சம்பளம் சொன்ன தேதியில் வருகிறதா? மில் விடுதியில் வீட்டுக்கு போன் பேச விடுகிறார்களா? பேட்டா காசுக்கு ஒரு நடை கூடுதலாக ஓட்டவேண்டியிருக்கிறதா? மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளைக்கு 8 மணி நேரம், தொடர்ந்து 5 மணிக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்தது. நாமக்கல்லில் லாரி ஏறும் நம் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கைக் கேட்டால் சிரிப்பார்கள்.

நமக்கே உரிய கேள்விகளும் உண்டு. ஜும்ஆவுக்குப் போய்வர நேரம் கிடைக்கிறதா, அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கிறார்களா? நோன்பு மாதத்தில் வேலை நேரம் மாற்றிக் கேட்டால் என்ன பதில் வருகிறது? எங்கள் எண்ணத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஜனாஸா பற்றிய கேள்வி. சொந்தத்தில் மவுத் என்று செய்தி வந்தால் அந்த நிமிடமே கிளம்ப முடியுமா? நம் அடக்கம் தாமதிப்பதில்லை. ‘சாயங்காலம் போ’ என்றால் முகம் பார்க்க முடியாமலே போய்விடும். அந்த ஒரு விஷயத்தை வருஷக்கணக்காக மனசில் வைத்துக்கொண்டு, பிடிக்காமலே வேலை செய்பவர்கள் உண்டு. எந்த நாட்டுப் படிவத்திலும் இது வராது. நாம்தான் சேர்க்க வேண்டும்.

சம்பளம் கொடுக்கும் இடத்தில் நாம் இருந்தால், இதே கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் கடையில் வேலை செய்யும் மாற்று மதச் சகோதரருக்கு ஊர் மாரியம்மன் பண்டிகைக்கும் குலதெய்வம் கும்பிடவும் லீவு கேட்க முடிகிறதா, அல்லது கேட்கவே தயங்குகிறாரா? நோன்பு மாதத்தில் பகலில் கடையில் அவர் சாப்பிட ஒரு மறைவான இடம் இருக்கிறதா? பீகார்ப் பையனுக்குச் சத் பூஜைக்கு ஊருக்குப் போக முன்கூட்டியே ரயில் டிக்கெட் போட விடுகிறோமா, மூன்று வேளையும் சோறுதான் என்று இருக்கிற இடத்தில் வாரம் இரண்டு நாளாவது அவன் ரொட்டி சுட்டுக்கொள்ள அடுப்புக் கிடைக்கிறதா? கூலியைப் பற்றி நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். ரொட்டி அடுப்பைப் பற்றி இதுவரை கேட்டதில்லை.

பெண்களிடம் பெண்கள்தான் கேட்க வேண்டும். கேட்கும் இடம் வீடாக இருந்தால் மாமியார் காதுக்கு எட்டாமலும், வேலையிடமாக இருந்தால் மேஸ்திரி கண்ணுக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும். உருது வீட்டில் உருதுவில், தமிழ் வீட்டில் தமிழில். ஒருவரின் பதில் இன்னொருவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தத் தெருவில் அப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கேட்ட பிறகு என்ன செய்வது? கூட்டுக் கணக்கில் குறைவாக வந்தது தூக்கமென்றால் நேரத்தைப் பார்க்க வேண்டும், மரியாதையென்றால் மேஸ்திரியைப் பார்க்க வேண்டும். செய்யக்கூடிய ஒன்றை அந்த மாதத்துக்குள் செய்து, செய்ததை ஊழியர்கள் முன் சொல்லிவிட வேண்டும். செய்ய முடியாததையும் காரணத்தோடு சொல்லிவிடலாம். தெம்பில்லாதவர் யார் என்று கண்டுபிடித்து வேலையைவிட்டு நிறுத்த இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறவருக்கு எங்கள் அறக்கட்டளை ஒத்துழைப்புக் கொடுக்காது.

தனி ஒருவர் தாமாகவே வந்து, வெறுத்துப்போச்சு, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற அளவுக்குப் பேசினால் அங்கே அளவுகோலுக்கு வேலை இல்லை. அவரைத் தனியே விடக்கூடாது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். கூட வர ஆள் வேண்டுமென்றால் அறக்கட்டளையில் சொல்லுங்கள். சபுர் செய் என்று மட்டும் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சபுர் செய்கிறவரும் மருத்துவரிடம் போகலாம்.

எப்போது கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறோம். நோன்பு மாதத்தில் வேண்டாம், தூக்கமும் சாப்பாடும் மாறியிருக்கும், கணக்கு தவறாக வரும். போனஸ் கொடுக்கிற வாரத்திலும் வேண்டாம், எல்லாரும் சந்தோஷமாகவே இருப்பார்கள். சம்பளத்துக்கு முந்தின வாரமும் சரியில்லை. சம்பளம் வாங்கி ஒரு பத்து நாள் கழித்து, ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே மாதங்களில் கேட்டால்தான் போன தடவைக்கு இந்தத் தடவை கூடியதா குறைந்ததா என்று ஒப்பிட முடியும். தங்கள் கடையிலோ பட்டறையிலோ இப்படிக் கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் சந்திக்கலாம். டப்பாக்கள் இருக்கின்றன. புளியங்கொட்டை அவரவர் வீட்டில் கிடைக்கும்.